மூன்றாம் எண், நான்காம் எண்

மகளிர் விடுதி
12.9.2005

அன்புள்ள வேம்புக்கு,

நலம். விடுதிச் சாப்பாடு பரவாயில்லை என்று அம்மாவிடம் சொல். சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்பதைப் படித்துக் காட்டாதே. உடனே தூக்குவாளியோடு அப்பாவை பஸ் ஏற்றிவிடுவாள்.

இன்றுதான் எங்களைக் கம்ப்யூட்டர் லேபுக்குள் விட்டார்கள். உள்ளே போகும் முன் விதிகளைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதினான்கு விதிகள். நீ கேட்பாய் என்று தெரியும். செருப்பை வெளியே விட வேண்டும். அடையாள அட்டை கழுத்தில் இல்லாவிட்டால் வாசலோடு சரி. வந்த நேரம், போகும் நேரம் இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும். தண்ணீர் பாட்டில் கூடாது, பிளாப்பி கூடாது. சிஸ்டத்தில் எதைச் சேமித்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் துடைத்துவிடுவார்கள். அதனால் முக்கியமானதை எல்லாம் அவரவர் மெயிலில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கணக்கில் இன்னொருவர் நுழையக் கூடாது என்பது ஒன்பதாவது. அதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்.

ஆமாம், எனக்கென்று ஒரு மெயில் கணக்கு இருக்கிறது. கல்லூரித் தளத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் திறக்கலாம். வரிசை எண்தான் பெயர். பிறந்த தேதிதான் முதல் பாஸ்வேர்டு. ஒரு வாரத்துக்குள் அதை மாற்றிவிட வேண்டும் என்பதும் ஒரு விதி. நான் இன்றே மாற்றிவிட்டேன்.

இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம். என் எண் நான்கு. மூன்றாம் எண் அகல்யா என்ற பெண். நன்றாகச் சிரிக்கிறாள். உள்ளே ஏசி. நாங்கள் இருவரும் ஒரே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். லேப் பொறுப்பாளர் நடராசன் சார், “இது என்னம்மா, ஊட்டியா?” என்றார்.

படி. காலாண்டுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

உன் அக்கா,
அன்புக்கரசி


விருத்தாசலம்
17.9.2005, இரவு

அக்கா,

அப்பாவுக்கு இன்று இரவு ஷிப்ட். அம்மா தூங்கிவிட்டாள். சமையல்கட்டு விளக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். விழித்துக்கொண்டால், “படிக்கச் சொன்னா லெட்டரு எழுதிக்கிட்டு இருக்கியா?” என்பாள். அதனால் தாளுக்கு மேல் வேதியியல் புத்தகம் இருக்கிறது.

உன் விதிகளை நான்கு முறை படித்தேன். எங்கள் பள்ளியில் ஒரே விதிதான். தொடாதே. நான்கு கம்ப்யூட்டருக்கும் பூப்போட்ட துணி தைத்து மூடி வைத்திருக்கிறார்கள். அதிகாரிகள் வருகிற அன்று துணியை எடுப்பார்கள், எங்களைச் சுற்றி நிற்க வைப்பார்கள், அவர்கள் போனதும் மறுபடி மூடிவிடுவார்கள். துணியைத் துவைத்துப் போடுவது எங்கள் வகுப்பின் முறை. அதாவது நான் கம்ப்யூட்டரின் பாவாடையைத் துவைத்திருக்கிறேன். நீ கம்ப்யூட்டரில் கடிதம் எழுதுகிறாய்.

நம் வீட்டில் ஒரே போர்வையில்தான் படுத்தோம். நான் இழுக்கிறேன் என்று நீ எத்தனை நாள் அம்மாவிடம் புகார் சொல்லியிருக்கிறாய். அகல்யா இழுப்பதில்லையா?

உன் பெயரை வேறு எழுத்தில் வைத்திருந்தால் மூன்றுக்குப் பக்கத்தில் நீ வந்திருக்க மாட்டாய். அப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

வேம்பு


மகளிர் விடுதி
19.11.2005

அன்புள்ள வேம்புக்கு,

எழுதி நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மினி புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குவதற்கு ஒரு புரோகிராம். இரண்டு பேராகச் செய்ய வேண்டும். நானும் அகல்யாவும். ஜனவரிக் கடைசியில் காட்ட வேண்டும், அதற்குத்தான் பாதி மதிப்பெண். எழுதியதை எல்லாம் அவள் மெயிலில் போட்டு வைக்கிறோம்.

நேற்று அவளுக்கு இருபத்தொரு வயது முடிந்தது. விடுதியில் கேக் வெட்டினோம். பாவம், அவள் அப்பா குவைத்தில் இருக்கிறார். மூன்று வருடமாக வரவில்லை. வாரத்துக்கு ஒரு மெயில் வரும். அதைப் படித்த பிறகுதான் அவள் வேலையே பார்ப்பாள். சரியான சோம்பேறி. பாஸ்வேர்டை இன்னும் மாற்றவில்லை. கேட்டால், “என் பொறந்த நாளத் தவிர எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது கரசி” என்கிறாள்.

என்னைக் கரசி என்று கூப்பிடுகிறாள். முதலில் ஒரு மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது.

காலாண்டில் கணக்கில் என்ன வாங்கினாய்? நீ எழுதவே இல்லை.

அன்புக்கரசி


விருத்தாசலம்
3.12.2005, இரவு

அக்கா,

கணக்கில் அறுபத்தொன்று. நீ இருந்திருந்தால் எண்பது வந்திருக்கும். இப்போது யாருக்கோ சொல்லிக்கொடுக்கிறாய், அவர்களுக்கு வரட்டும்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேக் வெட்டிய இடத்தில் அம்மா, “யாருடி அந்தப் பொண்ணு, நல்ல பொண்ணா இருக்கும் போலருக்குதே. பொங்கலுக்கு கூட்டிக்கிட்டு வரச் சொல்லு” என்றாள். நான் அதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன். ஆனால் கூட்டிக்கொண்டு வராதே. நீ மட்டும் வா.

கரசி என்பது நன்றாகவே இல்லை.

வேம்பு


மகளிர் விடுதி
27.1.2006

வேம்பு,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படிக்காதே. அப்பா கண்ணில் படவும் வேண்டாம்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் அகல்யாவின் மெயில் காலியாக இருக்கிறது. புராஜெக்ட் முழுவதும் போய்விட்டது. நாங்கள் முதலில் சர்வரில் கோளாறு என்று நினைத்தோம். நடராசன் சார் தேடிப் பார்த்தார். பதினாறாம் தேதி, காணும் பொங்கல் அன்று, காலை பதினொன்றே முக்காலுக்கு யாரோ அவள் கணக்கில் நுழைந்து எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள். நுழைந்த இடம் விருத்தாசலம். பாலக்கரையில் இருக்கிற ஒரு பிரவுசிங் சென்டர்.

சார் அங்கே போன் போட்டுக் கேட்டார். அவர்கள் நோட்டில் அந்த நேரத்துக்கு எழுதியிருப்பது என் பெயர். அன்புக்கரசி, எம்.சி.ஏ., எண் நான்கு. அட்டையைப் பார்த்துத்தான் உட்கார வைத்தோம் என்கிறார்கள்.

அன்று நான் அம்மாவோடு மங்கலம்பேட்டையில் அத்தை வீட்டில் இருந்தேன் என்று எத்தனை முறை சொன்னாலும், “அப்ப உங்க கார்டு மட்டும் நடந்து போச்சாம்மா?” என்கிறார். அகல்யா தன் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை.

பிப்ரவரி பத்தாம் தேதி துறைத் தலைவர் முன்னால் விசாரணை. அப்பாவை அழைத்து வர வேண்டுமாம். ஒப்புக்கொண்டால் ஒரு செமஸ்டர் லேபுக்குள் போக முடியாது. அந்த செமஸ்டர் மறுபடி அடுத்த வருடம்தான் வரும், அதாவது ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். மறுத்து, நான்தான் என்று முடிவானால், டிசி.

கார்டு அன்று வீட்டில் என் பையில் இருந்தது. யாராவது வந்தார்களா? உனக்கு ஏதாவது தெரியுமா?

அன்புக்கரசி


விருத்தாசலம்
30.1.2006, இரவு

அக்கா,

உன் கடிதம் வந்ததும் அம்மா, “அக்கா என்னாடி எழுதியிருக்கா?” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீ நன்றாக இருப்பதாகவும் பரீட்சை நன்றாக எழுதியதாகவும் இல்லாத வரிகளைப் படித்தேன். “எம்மாம் பெரிய லெட்டரு, இவ்ளோதானா?” என்றாள்.

நான்தான் அக்கா.

நீங்கள் மங்கலம்பேட்டைக்குக் கிளம்பியதும், எனக்கு ட்யூஷன் என்று சொன்னது பொய். உன் பையைத் திறந்தேன். முதலில் அட்டையைப் பார்க்க மட்டும்தான் எடுத்தேன். பிறகு கழுத்தில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். பிறகு உன் பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். அது சரியாக இருந்தது. அதைப் போட்ட பிறகு வீட்டுக்குள் நிற்க முடியவில்லை.

பிரவுசிங் சென்டர் அண்ணன் ஒருமுறை என்னை, “ஸ்கூலு பசங்களுக்கு இல்லம்மா” என்று திருப்பி அனுப்பியவர்தான். அன்று அட்டையைப் பார்த்துவிட்டு, “உக்காருங்க மேடம், மூணாவது கேபினு” என்றார். போட்டோவைச் சரியாகப் பார்க்கவில்லை. நோட்டை நீட்டினார். உன் பெயரை எழுதினேன். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

உன் கணக்கில்தான் நுழைய நினைத்தேன். உன் பாஸ்வேர்டு தெரியவில்லை. என் பெயரைப் போட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை. நம் தெருப் பெயர், அப்பா பெயர், எதற்கும் திறக்கவில்லை. அப்புறம் மூன்றாம் எண்ணைப் போட்டு, நீ எழுதியிருந்த பிறந்த நாளைப் போட்டேன். உடனே திறந்துவிட்டது. உன் வாசல் எனக்கு மூடியிருந்தது, அவள் வாசல் திறந்திருந்தது.

நிறைய மெயில் இருந்தது. அவள் அப்பா குவைத்திலிருந்து எழுதியவை. அவற்றில் ஒன்றை மூன்று தடவை படித்தேன். அதில் என்ன இருந்தது என்று இப்போது எழுத மாட்டேன். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். குப்பையில் இருந்ததையும் அழித்தேன். உங்கள் புராஜெக்ட் அதற்குள்தான் இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். அந்த நேரத்தில் எனக்கு அது ஞாபகமே இல்லை. அவளுடையது என்று மட்டும்தான் நினைத்தேன். உன்னுடையதும் அதில்தான் இருந்தது.

என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? உடனே எழுது.

வேம்பு


மகளிர் விடுதி
3.2.2006

வேம்பு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

வாயைத் திறக்காதே. அப்பாவுக்குத் தெரிந்தால் உன்னைப் பிளஸ் டூவுக்கு அனுப்ப மாட்டார். அத்தை ஏற்கெனவே யாரோ மாப்பிள்ளை என்று பேச்செடுத்தாள், உனக்கே தெரியும். நான் செய்தேன் என்று ஒப்புக்கொள்ளப் போகிறேன். ஒரு வருடம்தானே. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டேன், அழைத்து வர வேண்டியதில்லை.

இதைப் பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் பிறந்த நாளுக்குக் கூட நான் அகல்யாவிடம் சொல்லித்தான் வாழ்த்து அட்டை வரைந்து வாங்கினேன். உன்னைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும். இப்போது எனக்கு உன் முகத்தைப் பார்க்க இஷ்டம் இல்லை.

பதில் போடாதே.

அன்புக்கரசி


விருத்தாசலம்
7.2.2006, இரவு

அக்கா,

பதில் போடாதே என்றாய். போடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன். நீ ஒப்புக்கொண்டால் அவள் உன்னோடு பேசவே மாட்டாள், நீ ஊருக்கு வந்துவிடுவாய், ஒரு வருடம் என் பக்கத்திலேயே இருப்பாய் என்றுகூட நினைத்தேன். நான் செப்டம்பரிலிருந்து ஆசைப்பட்டது அதுதான். ஆனால் நேற்று அம்மா உன் பச்சைச் சுடிதாரை மடித்து எனக்குக் கொடுத்து, “நீயே போட்டுக்க, ஒனக்கும் சேர்ற மாரிதான் இருக்குது” என்றபோது அதைக் கையில் வாங்க முடியவில்லை. நீ ஊருக்கு வந்து, நான் செய்ததற்காக, அந்தக் கூடத்தில் ஒரு வருடம் உட்கார்ந்திருப்பாய். நான் அதைத் தினமும் பார்க்க வேண்டும்.

இன்று அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு செராமிக் எஸ்டேட்டுக்குப் போனேன். சூளைக்குப் போகிற வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார், மெயின் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் பியூஸ் கேரியர், வெள்ளை வெள்ளையாக. முழங்கை வரை மாவு. அங்கேயே சொன்னேன்.

“அப்பா, அக்கா மேல ஒரு தப்பு வந்திருக்குது. அது நான் பண்ணது.”

அவர் கையில் இருந்ததை வைத்துவிட்டு, “என்னா தப்பு?” என்றார்.

“கம்ப்யூட்டருல ஒரு பொண்ணோட பொட்டியத் தொறந்து உள்ள இருந்ததெல்லாம் அழிச்சிட்டேன்.”

“திருடினியா?”

“இல்லப்பா.”

“பின்ன எதுக்குத் தொறந்த?”

“அக்கா எனக்கு எழுதற லெட்டருல அந்தப் பொண்ணோட பேச்சாவே இருந்துது.”

பக்கத்தில் காத்தவராயன் மாமா நின்றுகொண்டிருந்தார். “என்னா கோவிந்தராசு, பாப்பா அழுவுது?” என்று கேட்டார். அப்பா என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

“இத அந்த சாருங்ககிட்ட இதே மாரி சொல்லுவியா?”

“சொல்றேன்.”

“அழுவாம சொல்லணும். அழுதா சின்னப் பொண்ணுன்னு வுட்டுடுவாங்க. ஒங்கக்கா மேல சந்தேகம் அப்பிடியே இருக்கும்.” அப்புறம், “நீ ஸ்கூலுக்குப் போறதா வேணாமான்னு வந்து பேசுவம்” என்றார்.

பத்தாம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறோம். அதற்குள் நீ எதையும் ஒப்புக்கொள்ளாதே. இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் உன்னிடம் வந்துசேர வேண்டும் என்று தபால் பெட்டியில் போடாமல் காலையில் நேராகத் தபால் ஆபீஸிலேயே கொடுக்கப்போகிறேன்.

பயமாக இருக்கிறது அக்கா.

வேம்பு


மகளிர் விடுதி
20.2.2006

வேம்புக்கு,

முடிவு வந்துவிட்டது. என் மேல் குற்றம் இல்லை. ஆனால் இன்னொருவருடைய பாஸ்வேர்டைப் பற்றி வெளியே எழுதியதும் விதி மீறல்தான் என்று இரண்டு வாரம் லேபுக்கு வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நியாயம்தான். நீ உள்ளே நுழைந்தாய், வழி சொன்னது நான்.

புராஜெக்டுக்கு மார்ச் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். தனித்தனியாகச் செய்யலாமாம். அகல்யா பன்னிரண்டாம் எண்ணோடு உட்காருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தால் தலையாட்டுவாள். அவ்வளவுதான்.

அப்பா உன்னிடம் பேசுகிறாரா? அம்மாவுக்கு என்ன சொன்னீர்கள்?

அன்புக்கரசி


விருத்தாசலம்
24.2.2006, இரவு

அக்கா,

அம்மாவிடம் அப்பாவே சொன்னார். அம்மா இரண்டு நாள் என் தட்டில் சோறு போட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனாள். அப்பா பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்செடுப்பார் என்று தினமும் காத்திருந்தேன். நேற்று சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, “ட்யூசனுக்கு நேரமாவுது, கெளம்பல?” என்றார்.

அன்று லேபில் நடந்ததைப் பற்றி நாம் இருவருமே எழுதவில்லை. நடராசன் சார், “எப்பிடி நுழைஞ்சன்னு காட்டும்மா” என்று உங்கள் சிஸ்டத்தில் என்னை உட்கார வைத்தார். செருப்பை வெளியே விட்டிருந்தேன். தரை சில்லென்று இருந்தது. எத்தனை மாதம் அந்த இடத்தை நினைத்து ஏங்கியிருக்கிறேன். உட்கார்ந்ததும் விரல் ஓடவில்லை. சொன்னபடி அழாமல்தான் காட்டினேன். அகல்யா எனக்குப் பின்னால் நின்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. “புராஜெக்ட் திரும்ப அடிச்சிக்கலாம். எங்கப்பா எழுதினதுகூட ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் உன்னைப் பார்த்தாள். நீ தரையைப் பார்த்தாய்.

அவள் நன்றாக இருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. அழகாக இருந்தாள். எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. இப்போதும் முழுவதும் போகவில்லை. அது போகட்டும் என்று காத்திருந்தால் இதை என்றைக்கும் எழுத மாட்டேன், அதனால் எழுதுகிறேன்.

அவள் அப்பா எழுதியதில் ஒன்றை மூன்று தடவை படித்தேன் என்று சொன்னேன் அல்லவா. எரிச்சலில் படித்ததால் அப்படியே மனதில் நின்றுவிட்டது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதியிருந்தார். அதை அழித்தவள் நான். திருப்பிக் கொடுக்கவும் வேறு யாராலும் முடியாது. தனித் தாளில் எழுதினால் நீ கிழித்துவிடுவாயோ என்று இதிலேயே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை மட்டும் மடித்து அவளிடம் கொடு. ஓரிரு வார்த்தை மாறியிருக்கலாம் என்று சொல்.

‘அகலு, அப்பா நல்லா இருக்கேன். ரூமுல எல்லாரும் தூங்கறாங்க, நான் மட்டும் நெட்டு கடைக்கு வந்து இத அடிக்கிறேன். நீ அனுப்பிச்ச பொறந்த நாளு போட்டோ வந்துது. சூப்பர்வைசருகிட்ட காட்டினேன். பக்கத்துல நிக்கிற பொண்ணு யாருன்னாரு. அதுவும் எம் பொண்ணுதான், விருத்தாசலத்துல பொறந்துது, பெரியவளுக்கு கணக்கு சொல்லித் தருதுன்னு சொன்னேன். சிரிச்சாரு. கரசி வூட்டுல ஒரு தங்கச்சி இருக்குதுன்னு எழுதியிருந்தியே, அதுக்கும் சேத்து மூணு வாட்சு வாங்கி வெச்சிருக்கேன். வரும்போது எடுத்தாரேன். ரெண்டு பேரும் சண்ட போட்டுக்காம படிங்க. அப்பா.’